கைராசிக் கட்டு

உப்பளத்து ஊரில் ஒரு மடம். ஆறாத புண்ணோடு வருகிறவர்களுக்கு அங்கே தாயார் வைத்தியம் பார்ப்பார். துறவறம் ஏற்கும் முன் நர்ஸாக இருந்தவர். அவருடைய சீடர் சிவக்கொழுந்து வயதில் மூத்தவர், ஓய்வுபெற்ற கம்பவுண்டர்.

சிவக்கொழுந்து கட்டுப் போட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஒரு சுருக்கம் இருக்காது. அவருக்கும் அது தெரியும். அதுதான் வம்பு.

செல்லக்கனிக்கு உப்பளத்தில் வேலை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போய் உள்ளங்காலில் புண். வாரந்தோறும் வருவாள்.

"தினமும் அவுத்துக் கழுவி, புதுசாக் கட்டணும்" என்பார் சிவக்கொழுந்து.

"சரிங்கய்யா" என்பாள்.

புண்ணோ ஆழமாகிக்கொண்டே போயிற்று. இனியும் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

சிவக்கொழுந்து தவித்துப்போனார்.

"தாயே, சொன்னதெல்லாம் செய்யுறா. கட்டுகூட அச்சு அசலா நான் போடுற மாதிரியே போட்டுட்டு வாரா. பிறகு ஏன் ஆற மாட்டேங்குது?"

தாயார் எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே செல்லக்கனி காலில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"கட்டு அழுக்காகாம இருக்கத்தான், தாயே. ஐயா கைராசிக்காரரு. அவரு கட்டினத நான் அவுக்கலாமா? போன வாரம் போட்டது, அப்படியே வச்சிருக்கேன் பாருங்க."

பெருமையாகத்தான் சொன்னாள். பின்னால் நின்ற சிவக்கொழுந்துக்கு முகம் செத்துப்போயிற்று. கட்டை அவிழ்க்கப் பதறி ஓடிவந்தார்.

"ஐயா, நீங்க தொடாதீங்க" என்றார் தாயார்.

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து அவள் உள்ளங்காலுக்கு நேராகச் சாய்த்து வைத்தார்.

"நீயே அவுத்துப் பாரும்மா."

அவிழ்த்தாள். பார்த்தாள்.

"ஐயோ, இம்புட்டுப் பெருசாவா? வலிக்கவே இல்லையே, தாயே!"

அழுதாள். தாயார் சொல்லச் சொல்ல, அழுதுகொண்டே கழுவினாள், மருந்து வைத்தாள், கட்டினாள். சிவக்கொழுந்தின் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டார்.

கண்ணாடியை அவளிடமே கொடுத்து அனுப்பினார் தாயார்.

அவள் தெருமுனை திரும்பும்வரை சிவக்கொழுந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"தாயே, கட்டு கோணலா இருக்கே. ஒரே ஒரு தடவை நான் சரி பண்ணிவிட்டிருந்தா..."

"அதையும் அவ அவுக்க மாட்டா, ஐயா."