கைச்சூடு

கணபதிப் பகுதியில் நாச்சிமுத்துவின் சி.என்.சி. கடைசல் பட்டறையில் மிஷின் ஓட்டுபவள் கோகிலவாணி. பம்ப் கம்பெனியின் தர ஆய்வாளர் தாமோதரன் வந்தாலே அங்கே எல்லோருக்கும் பயம்.

அன்றும் வந்தார். அவர்கள் கடைந்த அலுமினிய வளையம் ஒன்றைக் கையில் பொத்திக்கொண்டு கால் மணி நேரம் தரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு, மைக்ரோமீட்டரில் அளந்தார்.

“எட்டு மைக்ரான் அதிகம்! நான் கொடுத்த சாம்பிளுக்கு இம்மி பிசகக் கூடாதுன்னேனே? மொத்தமும் ரிஜெக்ட். இனி உங்களுக்கு ஆர்டரே கிடையாது!”



“தரம்னா என்னன்னு இன்னொருக்கா சொல்லுங்க சார்,” என்றாள் கோகிலவாணி பவ்வியமாக. “அந்தச் சாம்பிளைக் கையில வச்சுக்கிட்டே சொல்லுங்க.”

கேட்கவா வேண்டும்! சாம்பிளைப் பொத்திக்கொண்டு இன்னொரு கால் மணி நேரம் பொழிந்தார்.

“இப்ப அதையும் அளந்து காட்டுங்க சார்.”

அளந்தார். அதுவும் எட்டு மைக்ரான் அதிகம். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

“கைச்சூட்டுல அலுமினியம் பெருக்குமுங்க. ரெண்டையும் கல்மேஜையில ஆற வையுங்க, டீ குடிச்சுட்டு அளக்கலாம்.”

டீ முடிந்தது. இரண்டும் சரியான அளவுக்கு வந்திருந்தன. தாமோதரன் சரக்கை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

“இனிப் பேசறப்ப,” என்றாள் கோகிலவாணி, “டீ கிளாஸைப் புடிச்சுக்கிட்டுப் பேசுங்க சார்.”