மருத்துவச்சி ஏகவீரன்

எண்கள் மட்டும் இருக்க வேண்டிய பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கப் போனால், கணினி அங்கேயே நின்று 'வகை பொருந்தவில்லை' என்று முறைக்கும். நாம் அதைத் திட்டுவோம். திட்டும் முன் மங்காள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மாறவேள் மன்னனின் அரண்மனையில் மங்காள்தான் தலைமை மருத்துவச்சி. ராணிக்கு நிறைமாதம். பிரசவ அறை வாசலில் மருத்துவச்சிகள் வரிசையாகக் காத்திருந்தார்கள். உள்ளே மணி அடித்தால் முன்னால் நிற்பவள் ஓட வேண்டும். உனக்கு என்ன தெரியும் என்று அப்போது விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா?

பிள்ளை பிறந்ததும் வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு மாந்தோப்பு. இது ராணியின் தம்பி ஏகவீரன் காதில் விழுந்தது.

"அத்தான், என்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுங்கள். முதல் ஆளாக."

மைத்துனன் கேட்டு மன்னன் மறுத்ததுண்டா? "சேர்த்துக்கொள்" என்றான்.

மங்காள் சபைக்கே வந்து மறித்தாள். "மகாராஜா, இந்த வரிசையில யாரைக் கூப்பிட்டாலும் பிள்ளை எடுக்கத் தெரியணும். தம்பி ஐயா மருத்துவச்சி இல்லீங்க."

"ஒரு ஆள் கூடினால் உனக்கென்ன வலி?"

"எனக்கில்லீங்க. வலி ராணியம்மாவுக்கு."

சபை சிரித்துவிட்டது. மன்னனின் மூக்கு சிவந்தது. "நான் சேர்த்த பிறகு அவன் மருத்துவச்சிதான்! இல்லை என்று எவர் சொன்னாலும் நாடு கடத்துவேன். நீ நாளைக்கே எல்லையைத் தாண்டு!"

மங்காளுக்கு மகள் நினைவு வந்தது. அவளும் நிறைமாதக்காரி. இவள் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு யார்?

அமைச்சர்கள் கூரையை ஆராய்ந்தார்கள். அரசவை விகடகவி விடங்கன் மட்டும் எழுந்து கும்பிட்டான். "அற்புதமான தீர்ப்பு! மருத்துவச்சி ஏகவீரன் வாழ்க!" சொல்லிவிட்டு நேரே ராணியைப் பார்க்கப் போனான்.

மாலையில் மணி அடித்தது.

"ஐயோ... அம்மா!"

ராணியின் அலறலுக்கு மன்னன் செருப்பில்லாமல் ஓடிவந்தான். வரிசையின் முதலிடத்தில் ஏகவீரன். தோளில் பட்டு, வாயில் வெற்றிலை. விடங்கன் அவன் கையில் வெந்நீர்ப் பானையைத் திணித்தான்.

"உள்ளே போங்கள், மருத்துவச்சியம்மா. தலை தெரிகிறதாம்."

"எ... எதன் தலை?" ஏகவீரன் ஓரடி பின்வாங்கினான்.

"முறை உங்களுடையது. ம்!" விடங்கன் கதவைத் திறந்து அவன் முதுகில் கைவைத்தான்.

மன்னன் பாய்ந்து குறுக்கே நின்றான். "டேய், அவனை விடாதே! அவன் மருத்துவச்சி இல்லையடா! மங்காளைக் கூப்பிடு!"

அலறல் சட்டென்று நின்றது. ராணி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். கையில் பாதி கடித்த முறுக்கு.

விடங்கன் கைகட்டிக் குனிந்தான். "மன்னா, இதையேதான் மங்காள் வரிசையில் சேர்க்கும்போதே சொன்னாள். தாங்கள் தலை தெரிந்த பிறகு சொல்கிறீர்கள். ஆனாலும் ஆணை ஆணைதானே? நாளை எல்லைக்கு அவளுக்கு வண்டி சொல்லியிருக்கிறேன். தங்களுக்கும் அதிலேயே இடம் போடச் சொல்லட்டுமா?"

முதலில் சிரித்தது ராணி. மன்னனுக்கு வேறு வழியில்லை, அவனும் சிரித்தான். மங்காளுக்கு இரண்டு தோப்பு, விடங்கனுக்கு ஒன்று.

வண்டியும் வீணாகவில்லை. மறுநாள் அதில் ஏகவீரன் போனான்.