இடம் மாறிய பேனா

“என்னை மடத்தை விட்டு விரட்டப் பாக்குறாங்கம்மா” என்றார் திருமேனி.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மை நிமிரவில்லை.

“யாரு?”

“நீலமேகம்தான். வேற யாரு?”

திருமேனிக்கு அறுபத்தொரு வயது. மடத்தின் மாத இதழை இருபது வருடமாகக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பவர் அவர்தான். அட்டைக்கு மாதம் ஒரு பறவையை அவரே வரைவார். யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பாயசத்தில் முந்திரி கூடுதலாகக் கிடந்தால்கூட, இது யாருக்காக என்று கேட்பார்.

அவருடைய குருவான அம்மைக்கு நாற்பது வயதுதான். அதிகம் பேசமாட்டார். பேசினால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திருமேனி மூன்று நாள் யோசிப்பார்.

“அவர் என்ன செஞ்சாரு?”

“புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, படம் வரையிற சாஃப்ட்வேர்ல புதுசை ஏத்தி வச்சிட்டான். இடது ஓரத்துல இருந்த பேனா வலது பக்கம் மேல போயிருச்சு. கத்தரியைக் காணோம். கலர் பெட்டி, எதையாவது தொட்டாத்தான் தலையைக் காட்டுது.”

“அது கம்பெனிக்காரங்க மாத்தினதுல்லா?”

“சோழியன் குடுமி சும்மா ஆடுமாம்மா? இருபது வருஷம் பழகினவனையும் நேத்து வந்தவனையும் ஒரே வரிசையில உக்கார வைக்கத்தான் கம்பெனிக்காரன் மாத்துதான். அது தெரிஞ்சுதான் இவன் அதைக் கொண்டாந்து வச்சிருக்கான். இதழ் அவன் கைக்குப் போகணும். அதான் கணக்கு.”

அம்மை ஒரு பழுத்த இலையைத் தனியே போட்டார்.

“இந்த மாச இதழ் எந்த மட்டுல இருக்கு?”

“உள்பக்கம் நாப்பத்தெட்டும் முடிச்சிட்டேன். பதினாறு நாள் அந்தச் சனியனோட மல்லுக்கட்டியிருக்கேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓரத்துல கொடி வேற வரைஞ்சேன். அட்டைதான் பாக்கி. செம்போத்து வரையணும். புதுசுல எனக்குப் பறவை வராதும்மா. பழசைக் குடுங்க, அரை மணி நேரத்துல முடிச்சுத் தாரேன்.”

“அவ்வளவுதானா?”

“அவனையும் அனுப்பிருங்க.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

சொன்ன மறுநிமிடம் திருமேனிக்கே அது அதிகமாகப் பட்டது. நீலமேகம் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்து, மடத்துக்கு வேண்டியதை வாங்கிப் போடுபவர். இந்த மடத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. அது தெரிந்தும், சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கம் திருமேனிக்கு இல்லை.

அம்மை நீலமேகத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

“பழைய கம்ப்யூட்டர்ல அய்யாவுக்குக் கை ஓடிட்டா, நீங்க கிளம்பணும். பையை எடுத்து வச்சுக்கோங்க.”

நீலமேகம் கும்பிட்டுவிட்டுப் பையை எடுக்கப் போனார்.

ஒரு வார்த்தை பேசாமல் போகிறானே, என்ன திட்டமோ என்று நினைத்தார் திருமேனி.

சாமான் அறை பூட்டிக் கிடந்தது. அம்மை இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், சாக்குப் போட்டு மூடிய நிலையில் பழைய கம்ப்யூட்டர் இருந்தது.

திருமேனி உடனே உட்கார்ந்துவிடவில்லை. பூட்டைத் திருப்பிப் பார்த்தார். பெட்டியின் முதுகைப் பார்த்தார். திருகாணிகளைத் தடவிப் பார்த்தார். எங்கும் தூசி, யாரும் தொட்ட தடமே இல்லை.

“சரியா இருக்காய்யா?”

“சரியாத்தான் இருக்கு. ஒருத்தனும் கை வைக்கலை.” வயர்களை மாட்டினார். “நீங்களே சொல்லுங்கம்மா, பழசுதான நல்லது?”

“எனக்கு வரையத் தெரியாதுய்யா.”

இதற்கு என்ன உள்ளர்த்தமோ என்று அவர் ஒரு கணம் யோசித்தார்.

திரை விழித்தது. அதே சாம்பல் நிறம். அதே நெருக்கமான பொத்தான்கள். திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

“இப்பப் பாருங்க” என்றார்.

எந்தப் பறவையானாலும் முதுகு வளைவிலிருந்து தொடங்குவதுதான் அவர் வழக்கம். கண் வெற்றுத் திரையில் செம்போத்தைத் தேடிக்கொண்டிருந்தது. கை மவுஸை நகர்த்தி அமுக்கியது.

என்னவோ ஒரு பெட்டி திறந்தது.

மூடினார். மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் அதே பெட்டி.

மூன்றாவது தடவையும் அதுவே வந்தபோது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“பாத்தீங்களாம்மா! இதுலயும் வேலையைக் காட்டிட்டான்! பேனா இருந்த இடத்துல பேனா இல்லை!”

“எங்க இருந்தது?”

“இந்தா, இங்கதான். வலது பக்கம் மேல…”

விரல் திரையைத் தொட்டபடியே நின்றது.

பேனா இடது ஓரத்தில் இருந்தது. இருபது வருடமாக இருந்த இடத்திலேயே இருந்தது.

அம்மை சாக்கை மடிக்கத் தொடங்கினார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நீலமேகம் பையோடு வந்து நின்றார்.

“அய்யா, நான் கிளம்பட்டுமா?”

திருமேனி திரையிலிருந்து விரலை எடுத்தார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“யாரைக் கேட்டுக் கிளம்புற?” என்றார்.