மூன்றாம் ஓலை

சாலோம்புரம் சபையின் உபதேசியார் தவசிமுத்துவுக்கு வயது அறுபத்து மூன்று. அவருக்கு மேலே உள்ள பாதிரியார், குரு மாசிலாமணி ஐயருக்கு நாற்பதுதான். உபதேசியார் அதையெல்லாம் பார்ப்பதில்லை. புதன்கிழமை தவறாமல் குருமனைக்கு வந்து, பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து வேதம் படிப்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவை ஐயா என்பார்.

ஒரு சனிக்கிழமை காலையில், வழக்கமில்லாத வழக்கமாக, கையில் ஒரு நோட்டோடு வந்து நின்றார்.

"ஐயா, நாளைக்கு மூணாம் ஓலையை வாசிக்க வேண்டாம்."

குரு திடுக்கிட்டார். அது உபதேசியாரின் ஒரே மகள் பியூலாவின் கல்யாண ஓலை. மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு வாசித்த பிறகுதான் கல்யாணம். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது நின்றால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். பியூலாவுக்கு முப்பத்தொன்று நடக்கிறது. எத்தனையோ வரன் தட்டிப்போய், இப்போதுதான் ஒன்று கூடி வந்திருந்தது.

"மாப்பிள்ளைகிட்ட ஏதும் கோளாறா அண்ணாச்சி?"

"தங்கமான பையன்யா. ஆனா மேசியா திரும்ப வரப்போறாரு. செப்டம்பர் நாலாந்தேதி. கல்யாணம் பதினொண்ணு. அவர் வந்த பிறகு மேளம் எதுக்கு, பந்தி எதுக்கு?"

குரு சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பிரித்தார்.

தானியேல் தீர்க்கதரிசி சொன்ன எழுபது வாரங்கள். ஒரு நாளுக்கு ஒரு வருஷம். எருசலேமைத் திரும்பக் கட்டச் சொல்லிக் கட்டளை பிறந்ததிலிருந்து எண்ண வேண்டும். அந்த நானூற்றுத் தொண்ணூறு வருஷம் இன்றைக்கு எட்டாததால், உபதேசியார் தானியேலின் மற்ற நாட்கணக்குகளையும் கூட்டி, பெருக்கி, லீப் வருஷத்தைக்கூட விடாமல் கழித்து, பத்தொன்பது பக்கம் நிரப்பியிருந்தார். குரு கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார்.

"கட்டளை ஒண்ணு இல்லையே அண்ணாச்சி. பாரசீக ராஜாக்கள்ல கோரேஸ் ஒண்ணு, தரியு ஒண்ணு, அர்தசஷ்டா ரெண்டு."

"நாலையும் எண்ணிப் பாத்துட்டேன்யா."

பார்த்துத்தான் இருந்தார். ஒவ்வொன்றையும் நாலைந்து விதமாக. ஒரு கணக்கு போன நூற்றாண்டிலேயே முடிந்திருந்தது. இன்னொன்று பன்னிரண்டு வருஷம் தள்ளிப் போனது. எல்லாவற்றையும் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். செப்டம்பர் நாலில் முடிந்த ஒன்றே ஒன்றை மட்டும் அடிக்கவில்லை.

"இதை மட்டும் ஏன் விட்டு வச்சீங்க?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மனைவி தவறி பதினோரு வருஷம் ஆகிறது. காலையில் காபி கொடுப்பதும், பிரசங்கக் குறிப்பைக் காணவில்லை என்று அவர் கத்தும்போது அவர் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுப்பதும் பியூலாதான்.

"மாப்பிள்ளைக்கு ராஞ்சியில வேலைய்யா," என்றார் கடைசியில். "ரயில்லயே ரெண்டு நாளுக்கு மேல ஆகுமாம்."

குரு நோட்டை மூடி மேசையில் வைத்தார். எழுந்துபோய் ஓலைப் புத்தகத்தை எடுத்து வந்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்கு இதை வாசிப்பேன். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் உண்டான்னு சபையைக் கேப்பேன். எந்திரிச்சு, மேசியா வாரதுதான் தடைன்னு சொல்லுவீங்களா?"

"ஐயோ! அவரைப் போய்த் தடைன்னு எப்படிய்யா என் வாயால சொல்லுவேன்?"

"அப்போ வாசிக்கட்டுமா?"

உபதேசியார் சரி என்று தலையை அசைத்தார். உடனே எழுந்துவிடவில்லை. நோட்டை மடியில் வைத்துத் தடவிக் கொண்டிருந்தார்.

"ஒருவேளை என் கணக்கு சரியா இருந்து, நாலாந்தேதி மெய்யாவே வந்துட்டாருன்னா?"

"நல்லதாப் போச்சு. கல்யாணத்துல முன்வரிசையில உக்கார வைப்போம். பிள்ளையை ரயில் ஏத்திட்டு நீங்க திரும்பும்போது, வீடு வரைக்கும் கூட நடந்து வருவாரு."

"வராட்டா?"

"வராட்டா நான் வாரேன், அண்ணாச்சி."