செந்தலைப் பாறுக்கு மொட்டைத் தலை வந்த கதை

அந்தக் காலத்தில், மாயாற்றுக் காட்டில் மரம் மட்டைக்குக்கூட வாய் இருந்த நாட்களில், பாறுகளுக்குத் தலை நிறைய முடி இருந்தது. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதே பாறுதான். மயிலுக்குக்கூட அப்படியொரு கொண்டை கிடையாது. நம்பாதவர்கள் மயிலிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கொண்டைகளிலும் பேர்போனது பூவாத்தாள் என்ற பெண் பாறின் கொண்டை. அவளுடைய ஆண் பாறு காலை வெயிலில் பக்கத்தில் உட்கார்ந்து, அதை ஒவ்வொரு இறகாக அலகால் கோதிவிடுவான். ஒரு சூறைக்காற்றில் இரை தேடிப் போனவன் திரும்பி வரவில்லை. பாறு வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும். அந்த ஒற்றை முட்டை கூட்டில் கிடந்தது.

அவன் விட்டுப்போனவை இரண்டுதான், முட்டையும் கொண்டையும் என்று பூவாத்தாள் நினைத்துக்கொண்டாள். இரண்டையும் பொத்திப் பொத்திக் காத்தாள். கொண்டை படிந்துவிடும் என்று ஆற்றில் தலை முழுகுவதையே விட்டுவிட்டாள். ஆனால் பாறின் பிழைப்பு அப்படியா? செத்த மாட்டின் வயிற்றுக்குள் தலையை விட்டால்தான் சாப்பாடு. ரத்தமும் நிணமும் முடியில் காய்ந்து பொருக்குத் தட்டும். அதை மறைக்க இலுப்பைக் கொட்டையை நசுக்கி எண்ணெய் தடவுவாள். மேலே கொண்டை பளபளக்கும், அடியில் பொடுகு அடையடையாய் ஏறும். அரிக்கும். சொறிவாள், புண்ணாகும். முடி கொட்டும். ஐயோ முடி கொட்டுகிறதே என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவுவாள். எரிகிற தீயில் எண்ணெய் வார்க்கிறோம் என்று அவளுக்கு யார் சொல்வது?

இதற்கு நடுவில் குஞ்சு பொரிந்தது. பொரிந்த கொஞ்ச நாளிலேயே அதற்கு வயிறு கெட்டது. ஊட்டியதையெல்லாம் கக்கியது. வயிறு பானையாய் உப்பியது. கழிச்சல் நிற்கவில்லை, கழுத்து நிற்கவில்லை.

காட்டுக்கோழி வந்து கண்ணேறு என்றது. ஆந்தை வந்து பட்டினி போடு என்றது. முயல் சொன்னதென்று வசம்பு வேரைப் பிடுங்கி வந்து, மென்று ஊட்டினாள். அதையும் குஞ்சு கக்கியது. அது நாளுக்கு நாள் காய்ந்த சருகாய் ஆகிக்கொண்டிருந்தது. தலை அரிப்பு தனி நோய், குஞ்சின் வயிற்றுக்கடுப்பு தனி நோய் என்றுதான் அவள் நினைத்தாள். பாவம், யார்தான் அப்படி நினைக்கமாட்டார்கள்?

அவளுக்குப் பேன் பார்க்க மாராக்கா என்ற மந்தி வருவாள். மந்திகளின் வழக்கம் நமக்குத் தெரியும், பொறுக்கியதை வாயில் போட்டுக்கொள்ளும். மாராக்காவும் பூவாத்தாளின் தலையில் ஒரு பொழுது முழுக்கப் பொறுக்கினாள், பொறுக்கியதைத் தின்றாள். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளை கிளையாய்த் தள்ளாடி வந்தாள்.

"அம்மிணி, நேத்துப் போனதுல இருந்து ஒரே வாந்தி. வயிறு கல்லாட்டம் உப்பிக் கெடக்குது. காட்டுப்பழம் ஒண்ணுகூடத் திங்கலை. உன்ற தலையில பொறுக்குனது மட்டும்தான்."

அப்போதுதான் பூவாத்தாள் குஞ்சுக்கு ஊட்டக் குனிந்தாள். காய்ந்த பொருக்கும் பொடுகும் கொண்டையிலிருந்து பொலபொலவென்று, திறந்த அந்தச் சின்ன வாய்க்குள் கொட்டியது. மாராக்கா பார்த்தாள். பூவாத்தாளும் பார்த்தாள்.

"அப்பறம் எனக்கு மட்டும் ஏனுங்க்கா ஒண்ணும் ஆவலை?" என்றாள் பூவாத்தாள்.

"உனக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கும் அம்மிணி. அது பச்சப்புள்ளை."

பூவாத்தாள் ஆற்றுக்குப் பறந்தாள். தலையைத் தேய்த்துத் தேய்த்து முழுகினாள். ஆனால் அன்று பொழுதோடு இரை எடுத்துத் திரும்பியபோது, பழையபடி கொண்டை முழுக்க ரத்தம். குஞ்சு கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பூராத்தையும் புடுங்கிருங்க்கா," என்றாள்.

மாராக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அவன் கோதிக் கோதி வளத்த கொண்டை அம்மிணி..."

"அவன் குடுத்ததுல இன்னொண்ணு கூட்டுல கெடக்குதுங்க்கா. அது போச்சுன்னா இந்தக் கொண்டைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

மாராக்கா அழுதுகொண்டே பிடுங்கினாள். பூவாத்தாள் அலகை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு முடி மிச்சமில்லை. கடைசியில் தலையும் கழுத்தும் செக்கச்செவேலென்று ரத்தவிளாறாய்ச் சிவந்து நின்றன.

இரையோடு அவள் கூட்டுக்குப் போனபோது குஞ்சு மிரண்டு ஒதுங்கியது.

"நீ யாரு? எங்கம்மாளைக் காணோம்."

தலைக் காயத்தைவிட அந்தக் கேள்விதான் அவளுக்கு வலித்தது. "நாந்தாஞ் சாமி. வாயத் தொற."

குரலைக் கேட்ட குஞ்சு வாயைத் திறந்தது. அதற்குள் இறைச்சியைத் தவிர வேறெதுவும் விழவில்லை. அன்று அது கக்கவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் கேட்டது. மழை வருவதற்குள் கூட்டின் விளிம்பில் நின்று இறக்கை அடித்தது.

காட்டில் எல்லாரும் அவளை மொட்டைச்சி என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் இறக்கையை விரித்து, அவன் கோதிவிட்ட அதே வெயிலில் தலையைக் காயவைத்துக்கொண்டாள். மகனுக்குக் குஞ்சுப்பருவத்து வெள்ளைத் தூவி உதிர்ந்து கொண்டை முளைக்கத் தொடங்கியது. அப்பனுடையதைப் போலவே அழகான கொண்டை. அவள் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

ஒருநாள் மகன் மாராக்காவின் கிளையில் போய் உட்கார்ந்து, பிடுங்கச் சொல்லித் தலையைக் குனித்தான். பூவாத்தாள் பதறிப்போய்ப் பறந்து வந்தாள்.

"ஏஞ்சாமி? உனக்கு என்ன தலையெழுத்து?"

"நாளைக்கு என்ற குஞ்சுக்கு நான் ஊட்டோணுமல்லம்மா?"

மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாராக்கா இந்த முறையும் அழுதுகொண்டே பிடுங்கினாள்.

அவனுக்குப் பிறகு வந்த செந்தலைப் பாறுகளுக்கு முடி பிடுங்க மந்தியைத் தேடிப் போகும் வேலையே இல்லை. குஞ்சாக இருக்கையில் தலையில் இருக்கும் வெண்தூவி, குஞ்சு வளர வளரத் தானாகவே உதிர்ந்துவிடுகிறது. பெற்றவளின் தலையில் அன்று கசிந்த சிவப்பு மட்டும் பிள்ளைகளின் தலையில் இன்றும் போகாமல் இருக்கிறது.