யானை நுழையாத வேலி

முன்னொரு காலத்தில் வேங்கூர் நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டார். பட்டாபிஷேகத்தன்று வைத்த பெயர்தான் வீரகேசரி. சித்திரை பிறந்துவிட்டால் அரண்மனைக்குள் காதோடு காதாக எல்லோரும் சொல்வது வியர்வைகேசரி! நாலு பேர் விசிறினாலும் போதாது. ஒரு நாள் சபை நடுவிலேயே கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஹூம்! ஆற்றுக்குக் குளிக்கப் போனால் ஊரே வேடிக்கை பார்க்கிறது. அரண்மனைக் கொல்லையிலேயே எனக்கொரு குளம் வேண்டும். ஹூம்! படுத்தபடியே தண்ணீர் தெரியணும். சுவர் கிவர் எழுப்பி மறைத்தீர்களோ, தலை போகும்!"

"ஆகட்டும் பிரபு!" என்று முதல் ஆளாக எழுந்தவர் பூபதிராயர். நாட்டின் கோட்டை கொத்தளமெல்லாம் அவர் பொறுப்பு. அமைச்சர் சாத்தப்பர் வாயைத் திறப்பதற்குள் தாம் திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து விரதம். சாத்தப்பர் தும்மினால்கூட ராஜா சிரிக்கிறாரே, பொறுக்குமா?

"ஆழம் எவ்வளவு, ராயரே?" என்றார் சாத்தப்பர்.

"இரண்டு ஆள்!"

"சுற்றி வேலி?"

"இரும்பு ஈட்டி வேலி! யானையே வந்தாலும் நுழையாது!"

"யானைக்கு எதற்கய்யா நம் கொல்லையில் வேலை?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா கிரீடம் உருண்டுவிழச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ராயரின் காதுக்குள் தேள் மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது.

இருபது நாளில் குழி வெட்டிப் படிக்கட்டும் கட்டியாயிற்று. ஈட்டிகளைக் கோட்டையில் நடுவது போலவே ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டார் ராயர். உள்ளேயிருந்து எதிரியைக் குத்த வழி வேண்டுமல்லவா? குளத்துக்கு எந்த எதிரி வருவான் என்று அவர் யோசிக்கவில்லை. கோட்டை கட்டியே பழகிய கை.

கொல்லன் மாடன்தான் தலையைச் சொறிந்தான். "சாமி, நாலு விரல் இடைவெளி போதுமே. சின்னஞ்சிறுசு நடமாடுற இடம்..."

"சாமிக்கே பாடமா? நாலு விரல் விட்டால் சிறைச்சாலை மாதிரி இருக்கும். ராஜாவுக்குத் தண்ணீர் தெரியாது. போடா, உலையை ஊது!"

மாடன் ஊதப் போனான். அந்த ஒரு வார்த்தையை அன்றே கேட்டிருக்கலாம் என்று பிற்பாடு ராயர் நினைக்காத நாளில்லை.

தண்ணீர் திறக்க வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். வியாழன் காலை சபையிலேயே சவால் விட்டார் ராயர். "என் வேலியை யாராவது தாண்டிவிட்டால் என் பட்டுச் சால்வையைக் கழற்றிக் கொடுக்கிறேன். தாண்டாவிட்டால் ஒரு மாதம் அமைச்சர் எனக்குக் குடை பிடிக்கணும்!"

"பிடிக்கிறேன். ஆனால் சோதனை இன்றைக்கே, குழி காய்ந்திருக்கும்போதே நடக்கணும்" என்றார் சாத்தப்பர்.

"பயமோ?"

"ரொம்ப."

எல்லோரும் கொல்லைக்குப் போனார்கள். பட்டத்து யானை தும்பிக்கையால் ஈட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டு வைக்கோலைத் தேடிப் போயிற்று. தளபதி இடைவெளிக்குள் புகுந்து, பாதி தொப்பை இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக மாட்டிக்கொண்டு, "ஐயோ, இழுங்கடா! மெதுவாடா!" என்று கத்தினார். நாலு பேர் இழுத்தார்கள். ராயர் மீசையை முறுக்கினார். "அமைச்சரே, குடை எங்கே?"

"இன்னும் ஒரு வீரர் பாக்கி" என்றார் சாத்தப்பர். ஒரு தட்டு எள்ளுருண்டையைக் குழியின் அடியில் வைக்கச் சொல்லியிருந்தார். அந்தப்புரத்துக் கதவைத் தட்டி, "செண்பகம்மா! எள்ளுருண்டை!" என்றார்.

மூன்று வயது இளவரசி செண்பகவல்லி, கொலுசு ஜலஜலக்க ஓடி வந்தாள். ஈட்டிகளைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு பக்கமாகத் திரும்பினாள். தலை போயிற்று, தோள் போயிற்று, பாவாடையும் போயிற்று. அவள் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து வழுக்கி இறங்கி முடித்தபோது, ராயர் முறுக்கிய மீசையிலிருந்து இன்னும் கையை எடுத்திருக்கவில்லை.

சபை கைதட்டியது. ராஜாகூட, "ஹூம்! என் மகளா கொக்கா!" என்று சிரித்தார்.

குழியின் அடியில், வாய் நிறைய எள்ளுருண்டையோடு குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். ராயர் சபையில் பேசியதை எப்போதோ திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு, ராயரின் குரலிலேயே சொன்னாள்.

"ஆனையே வந்தாலும் நுழையாது!"

இரண்டு ஆள் ஆழத்திலிருந்து அந்தக் குரல் மேலே வந்தது. நின்றது சிரிப்பு. ராஜா குழியின் விளிம்பைப் பார்த்தார். நாளைக்குத் தண்ணீர் நிற்கப்போகும் உயரத்தைப் பார்த்தார். அதற்கு எவ்வளவோ கீழே இருந்த மகளின் உச்சிக்குடுமியைப் பார்த்தார். விசிறிக்காரர்கள் விசிறாமலேயே அவருக்குக் குளிரெடுத்தது.

முதலில் ஓடியவர் ராயர்தான். தம் வேலிக்குள்ளேயே தம்மால் நுழைய முடியவில்லை! வேலிக் கதவின் பூட்டைத் திறந்து, இறங்கி, குழந்தையைத் தூக்கி வந்தார். அவள் அவர் கன்னத்தைத் துடைத்தாள். "ராயர் மாமா, குளத்துல தண்ணி வந்துடுச்சா?"

ராயர் சால்வையைக் கழற்றி அமைச்சரின் காலடியில் வைத்தார். "நாலு விரல் இடைவெளி போதும் என்று மாடன் சொன்னான், பிரபு. நான் கேட்கவில்லை" என்றார்.

"ஹூம்! மாடனுக்குப் பொற்கடகம். நாலு விரல் இடைவெளியில் புது வேலி, அது முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. இவரை நாடு கடத்துங்கள்! சாத்தப்பரே, உமக்கு என்ன வேண்டும்?"

"குளத்துக் கதவின் சாவி, மன்னா. அதை ராயரிடம் கொடுக்கணும்."

"தப்புச் செய்தவரிடமா?"

"அந்தக் கதவை இரண்டாம் தடவை இழுத்துப் பார்க்கக்கூடிய ஆள் இந்த அரண்மனையில் இனி அவர் ஒருவர்தான்."

ராஜா தண்டனையைச் சாவியாக மாற்றினார். சால்வை மாடனின் தோளுக்குப் போயிற்று. குளம் நிறைந்தது, ராஜா குளிர்ந்தார், செண்பகவல்லி வளர்ந்து, நீந்தக் கற்று, கல்யாணமாகி வேறு நாட்டுக்கே போய்விட்டாள். ராயர் மட்டும் தினமும் பொழுது சாய்ந்ததும் கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார். பாதி வழி போவார். எங்கோ கொலுசு ஜலஜலத்தது போலிருக்கும். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார்.