காலிக் கேனும் கொப்பரன் மீனும்

ஒரு வள்ளத்தில் நான்கு பேர் குடியிருந்தார்கள். தூண்டில் முள், தங்கூசி என்ற நைலான் நரம்பு, கொக்கிக் கம்பு, வெள்ளைத் தண்ணீர்க் கேன். கடலுக்குப் போகும்போது மட்டும் அவர்களோடு இரண்டு மனிதர்களும் வருவார்கள். ஒருவர் வள்ளத்தின் சொந்தக்காரர் கஸ்பார். மற்றவன் அவர் மனைவியின் தம்பி ததேயு.

அது ஒரு சனிக்கிழமை. கரையை விட்டுக் கிளம்பும்போதே வள்ளத்தில் பேச்சு சரியில்லை.

“இன்னைக்கு ஒண்ணு மாட்டினா பாப்போம் அத்தான். இல்லேன்னா இதுதான் கடைசி,” என்றான் ததேயு. “நாளைக்குப் பூசை. திங்கக்கிழமை நான் விசைப்படகுக்குப் போறேன். ஒத்தத் தூண்டிலைப் பிடிச்சிக்கிட்டு, எத்தனை நாள்தான் தண்ணியவே பாத்துக்கிட்டு இருக்க?”

“போ மாப்ள. நான் என்ன உன் கையையா பிடிச்சு இழுக்கேன்?” என்று சொல்லிவிட்டு, கஸ்பார் முகத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆழ்கடல் தூண்டிலுக்கு ஒரு ஆள் போதாது. ததேயு போய்விட்டால் வள்ளத்தை மணலில் ஏற்றிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். அது அவருக்குத் தெரியும். வள்ளத்தில் இருந்த நால்வருக்கும் தெரியும்.

“யாரும் பயப்படாதீர்கள்,” என்றது முள். “பெரிய மீன் ஒன்று வாயை மட்டும் திறக்கட்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“நீ கடித்துக்கொண்டு தொங்குவாய். இழுத்து வருவது யார்?” என்றது தங்கூசி. அது வளையம் வளையமாகச் சுருண்டு கிடந்தது. ஒரு நுனி முள்ளில் இருந்தது. மறுநுனி வள்ளத்தின் குறுக்குப் பலகையில் கட்டியிருந்தது.

கொக்கிக் கம்பு கொட்டாவி விட்டது. “சண்டை முடிந்ததும் என்னை எழுப்புங்கள். ஓரத்துக்கு வந்த மீனை உள்ளே தூக்க நான்தானே வர வேண்டும்?”

கேன் பேசவில்லை. பேச வேண்டிய தேவை அதற்கு இருந்ததில்லை. காலையில் அது நிறைய நல்ல தண்ணீரோடு வரும். கஸ்பார் நிழல் பார்த்து வைத்து, ஈரச் சாக்கைப் போர்த்துவார். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குடிதண்ணீரில் ஒரு சொட்டைக்கூடக் கடலில் கொட்ட மாட்டார்கள். குடித்தது போக மிச்சத்தைக் கரைக்குக் கொண்டுபோய் வீட்டு முருங்கைக்கு ஊற்றுவார்கள்.

ஊற்றியபின் கேனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூலையில் எறிவார்கள். காற்றடித்தால் உருளும். அந்த நேரத்தை நினைத்துத்தான் கேன் தினமும் பயந்தது. காலியானால் நான் ஒன்றுமில்லை என்று அது முடிவுகட்டியிருந்தது.

நீர் கருநீலமாகும் இடத்தில் கஸ்பார் ஒரு சூரை மீன் குஞ்சை முள்ளில் கோத்து இறக்கினார். விசிறியில் நரம்பு சிக்கக் கூடாது என்று ததேயு என்ஜினை நீரிலிருந்து தூக்கி வைத்தான். வெயில் ஏறியது.

தங்கூசி சட்டென்று விறைத்தது.

தூரத்தில் கடல் உடைந்தது. ஈட்டிபோல் நீண்ட மூக்கு முதலில் வந்தது. அதன் பின்னால் ஒரு ஆளைவிட நீளமான உடம்பு எழுந்து, நீலமாக மின்னி விழுந்தது. கொப்பரன்!

“யம்மா! அத்தான், வள்ளத்துல பாதி இருக்கான்!”

“வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காத மாப்ள. கால்ல நரம்பு சுத்தாமப் பாரு!”

“பிடித்துவிட்டேன்!” என்றது முள். “இதோ இழுக்கிறேன்!” என்றது தங்கூசி.

ஆனால் இழுத்தது மீன்தான்.

கஸ்பார் விரல்களில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தார். நரம்பு ஓடிய ஓட்டத்தில் அது கருகி நாறியது. வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று போயின. முந்நூறு பாகம் நீளமுள்ள நரம்பில் மிச்சம் கொஞ்சம்தான்.

“விடாதீங்க அத்தான்!” என்று ததேயு தாவிப் பிடித்தான். உள்ளங்கை எரிந்ததும் உதறிக்கொண்டான்.

“பிடிச்சா அறுந்துரும். விட்டா தீந்துரும்,” என்றார் கஸ்பார். “என்ஜினை இறக்கி எடுக்கதுக்குள்ள கதை முடிஞ்சிரும். நீ கேனை எடு. தண்ணியக் கொட்டு.”

ததேயு அசையவில்லை. “குடிதண்ணியவா? கடல்லயா? அக்காவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ள விடமாட்டா.”

“அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். ஒரு வாய் குடிச்சிக்கிட்டுக் கொட்டு!”

“வேண்டாம்,” என்று கேன் கெஞ்சியது. “கரை வெகு தூரம். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.”

ததேயு கவிழ்த்தான். கேனின் கழுத்து விக்கி விக்கித் தண்ணீரை வெளியே தள்ளியது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரில் விழுந்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

“மூடிய இறுக்கு. பலகையில உள்ள நுனிய அறுத்து, கேன் காதுல கட்டு. நல்லா கட்டு மாப்ள, நல்லா!”

கடைசி வளையமும் கழன்றது. கஸ்பார் கையை விரித்தார். கேன் ஓரத்தில் ஒருமுறை முட்டி, கடலுக்குள் பாய்ந்து மறைந்தது.

வள்ளம் அமைதியாகிவிட்டது. மீன் இல்லை, தூண்டில் இல்லை, தண்ணீரும் இல்லை. கொக்கிக் கம்பு மட்டும் தூக்கம் கலைந்து கிடந்தது.

“எல்லாத்தையும் குடுத்தாச்சு. இப்போ திருப்திதானே?” என்றான் ததேயு.

கஸ்பார் என்ஜினை இறக்கினார். “வெள்ளையா ஏதாவது தெரியுதான்னு பாரு.”

கீழே, வெயில் போய் நீலம் வந்தது. நீலம் போய் இருட்டு வந்தது. கடல் நெருக்கியதில் கேனின் விலா உள்ளே மடங்கியது. கேன் பயந்துபோய்த் தனக்குள் தேடிப் பார்த்தது. கொஞ்சம் காற்று இருந்தது. அந்தக் காற்றுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். அது மேலே போகும் வழி.

“யாரது பின்னால்?” என்றது கொப்பரன். “மனிதக் கைகளை எனக்குத் தெரியும். நான் இழுத்தால் அவையும் இழுக்கும். ஆத்திரத்தில் நரம்பை அறுத்துக்கொள்ளும். நீ என்ன செய்கிறாய்?”

“மேலே போகிறேன்.”

“நான் விடமாட்டேன்.”

“சரி,” என்றது கேன்.

கொப்பரன் கீழே பாய்ந்தது. கேனும் கூடப் போயிற்று. கொப்பரன் இளைப்பாற நின்ற இடத்தில் கேன் மேலே கிளம்பியது. மறுபடி பாய்ச்சல், மறுபடி கிளம்பல். சண்டைக்கு ஆள் கிடைக்காமல் மீன் களைத்துப்போயிற்று.

“உனக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?”

“ஒன்றுமில்லை,” என்றது கேன். அதைச் சொல்ல அதற்கு முதல்முறையாக வெட்கமாக இல்லை.

மேலே ததேயு துள்ளி எழுந்தான். “அத்தான், அந்தா!”

அலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தது. வள்ளம் நெருங்குவதற்குள் முங்கியது. வேறொரு பக்கம் எழுந்தது. அது முங்கும்போதெல்லாம் ததேயு மூச்சைப் பிடித்துக்கொண்டான். நாக்கு வறண்டது அவனுக்கு நினைவில்லை.

“வா, வா, மேல வந்துரு என் ராசா!”

“யாரைக் கூப்பிடுத? மீனையா?”

“கேனை அத்தான்!”

வெயில் சாய்ந்தபோது கேன் முங்குவதை நிறுத்தியது. மெல்ல ஊர்ந்தது. ததேயு குனிந்து அதை அள்ளி எடுத்தான். இருவரும் நரம்பை மாற்றி மாற்றி வலித்தார்கள். மீன் திமிறியபோது விட்டுக் கொடுத்தார்கள். அடங்கியபோது வாங்கினார்கள். தங்கூசி இப்போது பெருமை பேசவில்லை. முள்ளின் வளைவு பாதி நிமிர்ந்திருந்தது. கடைசியில் கொக்கிக் கம்பு தன் வேலையைச் செய்ய, வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

கொப்பரன் பலகைமேல் கிடந்து கேனைப் பார்த்தது. “இவ்வளவு சின்னவனா நீ?” என்றது. அதற்குப் பிறகு அது பேசவில்லை.

கரைக்குத் திரும்பும் வழியில் ததேயு பழக்கத்தில் கேனைத் திறந்து வாயில் கவிழ்த்தான். ஒரு சொட்டும் வரவில்லை. கஸ்பார் சிரித்தார். அவர் உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது. அதனால் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டார்.

ததேயு கேனின் நசுங்கிய விலாவைத் தடவிப் பார்த்தான். வாயை வைத்து ஊதினான். ‘டப்’ என்று விலா நிமிர்ந்தது.

“அத்தான்.”

“ம்.”

“திங்கக்கிழமை ரெண்டு கேன் எடுத்துக்கிடுவோம்.”

கஸ்பார் சட்டென்று திரும்பினார்.

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணுல தண்ணி.”

“இன்னொண்ணுல?”

ததேயு மூடியை இறுக்கினான். கேனை மூலையில் எறியாமல் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“இது காலியா வரட்டும்.”